இரண்டாவது நாற்காலியின் மதிப்பு

கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித், அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு முதல் பயிற்றுநராகவும் இருந்தார். அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. 1898இல் தொடங்கிய அந்த அணியின் வரலாற்றில், வெற்றியைவிடத் தோல்வியை அதிகமாக விட்டுச்சென்ற ஒரே பயிற்றுநர் அவர்தான். விளையாட்டை உருவாக்கியவருக்கே பயிற்றுநர் வேலை கைகூடவில்லை. அப்படியிருக்க, நன்றாக ஆடியவருக்கு அது தானாக வந்துவிடும் என்று நாம் ஏன் நம்புகிறோம்?

ஈப்போ காப்பிக்கடைப் பேச்சில் இந்த நம்பிக்கைக்கு இன்றும் நல்ல செல்வாக்கு உண்டு. பேராக் அணி தோற்ற மறுநாள், "பழைய ஆட்டக்காரனைக் கொண்டுவந்து உட்கார வைங்க, எல்லாம் சரியாகும்" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குக் கன்சாஸ் அணியிலேயே நல்ல பாடம் ஒன்று கிடக்கிறது.

டேனி மேனிங், ஆறடி பத்து அங்குல உயரம். 1988 கல்லூரி இறுதியாட்டத்தில் ஓக்லஹோமாவை கன்சாஸ் 83–79 என்று வென்றபோது 31 புள்ளியும் 18 ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) அவருடையவை. அந்தப் பருவத்தில் 11 ஆட்டங்களில் தோற்றிருந்த அணி அது. அதே ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏவின் தேர்வில் முதல் ஆளாக அழைக்கப்பட்டார். ஆனால் முதல் பருவத்திலேயே முழங்கால் போனது. பிறகு மற்றதும் போனது. இரண்டு முழங்கால்களிலும் தசைநார் சீரமைப்பு அறுவை செய்துகொண்டும் 2003 வரை 15 பருவங்கள் ஆடினார். இருமுறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். 1998இல் சிறந்த மாற்று ஆட்டக்காரர் விருதும் பெற்றார்.

ஓய்வு பெற்ற கையோடு கன்சாஸுக்குத் திரும்பியவருக்குக் கிடைத்தது பயிற்றுநர் பதவி அல்ல; மாணவ ஆட்டக்காரர்களின் நலனையும் அணி நிர்வாகத்தையும் கவனிக்கும் வேலை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ அப்போது வைத்திருந்த விதிப்படி, தலைமைப் பயிற்றுநரும் மூன்று உதவியாளர்களும் மட்டுமே களத்தில் பயிற்சி கொடுக்கலாம். ஆக, கோடிக்கணக்கில் சம்பாதித்த முன்னாள் என்.பி.ஏ நட்சத்திரம் பயிற்சி நேரத்தில் கோட்டுக்கு வெளியே நின்றார். சில ஆண்டுகள் கழித்தே உதவிப் பயிற்றுநராகி உள்ளே வந்தார். (இந்த விதி 2023 ஜூலையில்தான் தளர்ந்தது, இப்போது கூடுதலாக இருவர் களத்தில் இறங்கிப் பயிற்சி தரலாம்.)

அவர் வீட்டில் உதவியாளர் நாற்காலி புதிதும் அல்ல. அவருடைய தந்தை எட் மேனிங்கும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். ஆட்டம் முடிந்தபின் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவரை, 1983இல் கன்சாஸ் பயிற்றுநர் லாரி பிரவுன் உதவியாளராக அழைத்தார். மகனை வளைத்துப் பிடிக்கத் தந்தைக்கு வேலை கொடுத்ததாக அப்போது பலரும் முணுமுணுத்தார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனாலும் 1988இல் மகன் கிண்ணத்தைத் தூக்கியபோது தந்தை அந்த அணியின் பயிற்றுநர் குழுவில்தான் இருந்தார்.

இனி பலனைப் பார்ப்போம். கன்சாஸில் உயரமான ஆட்டக்காரர்கள் மேனிங்கின் பொறுப்பு. 2008 கல்லூரி இறுதியாட்டத்தில் மெம்பிஸ் அணி இரண்டு நிமிடச் சொச்சம் மீதமிருக்க 60–51 என்று முன்னணியில் இருந்தது. கூடுதல் நேரத்துக்குப் போன அந்த ஆட்டத்தை கன்சாஸ் 75–68 என்று வென்றது. எல்லாருக்கும் நினைவிருப்பது மேரியோ சால்மர்ஸ் கடைசி நொடிகளில் போட்ட மூன்று புள்ளி. ஆனால் உள்ளே டாரல் ஆர்தர் எடுத்த 20 புள்ளியும் 10 ரீபவுண்டும் இல்லாவிட்டால் அந்த வீச்சுக்கு வேலையே இருந்திருக்காது. பின்னர் கோல் ஆல்ட்ரிச், மோரிஸ் இரட்டையர், தாமஸ் ராபின்சன் என்று அந்தப் பட்டறையிலிருந்து வரிசையாக என்.பி.ஏவுக்குப் போனார்கள்.

ராபின்சனின் எண்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். 2010–11இல் ஆட்டத்துக்குச் சராசரி 7.6 புள்ளி, 6.4 ரீபவுண்ட். அடுத்த பருவத்தில் 17.7 புள்ளி, 11.9 ரீபவுண்ட். பார்த்த மாத்திரத்தில் மந்திரம்போல் தெரியும். ஆனால் அவர் களத்தில் நின்ற நேரமும் சுமார் 15 நிமிடத்திலிருந்து 32 நிமிடமாகக் கூடியிருந்தது. நிமிடத்தால் வகுத்தால் புள்ளி வேகம் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. ரீபவுண்ட் வேகம் சற்று இறங்கவே செய்திருக்கிறது.

அப்படியானால் பயிற்சி என்ன சாதித்தது? முந்தைய பருவத்தில் மோரிஸ் இரட்டையரின் நிழலில் இருந்தவர் ராபின்சன். அடுத்த பருவத்தில் எதிரணியின் திட்டமே அவரைச் சுற்றித்தான். பந்து கைக்கு வந்ததும் இருவர் மேலே விழுந்தார்கள். அந்த நெருக்கடியில், இரண்டு மடங்கு நேரம், பழைய வேகம் பெரிதும் குறையாமல் ஆடியதுதான் சாதனை. இதன் பெருமை ஒருவருக்கே உரியதும் அல்ல. தலைமைப் பயிற்றுநர் பில் செல்ஃப் திட்டம் வகுத்தார். உடல்வலுப் பயிற்றுநர் ஆண்ட்ரியா ஹூடி உடம்பைத் தயாராக்கினார். கூடைக்கு முதுகு காட்டி நின்று இடம் பிடிப்பது, எந்தக் காலை ஊன்றித் திரும்புவது, இரண்டாவது ஆள் வருவதற்குள் பந்தை யாருக்குத் தள்ளுவது போன்ற நுணுக்கங்கள் மேனிங்கின் பங்கு.

அதைச் சொல்லிக்கொடுக்க அவரைவிடத் தகுந்தவர் அரிது என்பது என் கருத்து. முழங்கால் போனவன் எம்பிக் குதித்துப் பிழைக்க முடியாது. கால் நகர்விலும் கோணத்திலும்தான் வாழ்ந்தாக வேண்டும். இயல்பாக வந்த திறமையைப் பிறருக்கு விளக்குவது கடினம். இழந்த திறமைக்கு மாற்றாகத் தேடிக் கற்றதை ஒவ்வொரு படியாக எடுத்துச் சொல்லலாம்.

அதே மனிதர் 2012இல் தலைமை நாற்காலிக்குப் போனார். டல்சா பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவம்: 38 வெற்றி, 29 தோல்வி, ஒரு முறை தேசியப் போட்டிக்குத் தகுதி. நல்ல தொடக்கம்தான். அடுத்து வேக் ஃபாரஸ்ட்டில் ஆறு பருவம்: 78 வெற்றி, 111 தோல்வி. 2020இல் பதவி போனது. அவரைவிடப் பெரிய பெயரான பேட்ரிக் யூயிங், தாம் படித்த ஜார்ஜ்டவுனுக்கே 2017இல் தலைமைப் பயிற்றுநராக வந்தார். 2021–22 பருவத்தில் தம் லீக்கில் ஆடிய 19 ஆட்டங்களிலும் அணி தோற்றது, 2023இல் விலக்கப்பட்டார். ஆள் பிடிப்பது, பணம் திரட்டுவது, பழைய மாணவர்களைச் சமாளிப்பது, கடைசி இரண்டு நிமிடத்தில் முடிவெடுப்பது எல்லாம் தலைமையின் வேலை. கால் நகர்வு சொல்லிக்கொடுப்பது வேறு கலை. மேனிங் பிறகு, இடையில் மேரிலாந்தில் இடைக்காலத் தலைமைப் பயிற்றுநராக இருந்ததைத் தவிர, மேரிலாந்து, லூயிவில், கொலராடோ என்று உதவிப் பயிற்றுநராகவே தொடர்ந்தார். அதை வீழ்ச்சி என்று நான் படிக்கவில்லை.

இதைப் பேராக்கிலிருந்து படிக்கும்போது சில கணக்குகள் கூடவே வருகின்றன. கூடைப்பந்து நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தூரமாகிப் போனதற்குக் காரணம் உயரமும் அல்ல, ஆர்வமும் அல்ல, இடம். மலாயாவின் அவசரகாலத்தில், 1950க்குப் பின், சீனக் குடும்பங்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டன. பேராக்கில் மட்டும் அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள். நெருக்கமான வேலிக்குள் சிமெண்டுத் தளம் போட்டு இரண்டு கம்பம் நட்டால் விளையாட்டு தயார். நம்மவர்கள் வாழ்ந்த தோட்டத்திலோ லயத்துக்கு முன்னால் பெரிய புல்திடல். கால்பந்தும் ஓட்டமும் அங்கே வளர்ந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது திடலும் சேர்ந்தே போனது. சுங்கை சிப்புட், சிம்மோர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து புந்தோங்கின் சந்துகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தவர்களுக்குக் கால்பந்துத் திடல் கிடைக்கவில்லை. பரப்பளவில் பார்த்தால், ஒரு கால்பந்துத் திடலில் பதினேழு கூடைப்பந்துக் களங்கள் அடங்கும். நகரத்துக்கு வந்துவிட்ட நமக்குக் கணக்குப்படி பொருந்துகிற விளையாட்டு இதுதான்.

முடியாத காரியமும் அல்ல. 2009இல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் கோலாலம்பூர் டிராகன்ஸ் சீருடையில் சத்தியசீலன் குப்புசாமி, குகனேஸ்வரன் பத்துமலை என்ற தமிழ்ப் பெயர்களை நாம் பார்த்தோம். தேசிய மகளிர் அணியில் கலைமதி ராஜிந்திரன் ஆடினார். களத்துக்கு நம்மவர்கள் போய்விட்டார்கள். ஆடி முடித்தவர்களுக்குப் பயிற்றுநர் இருக்கையில் இடம் ஒதுக்குவதே அடுத்த வேலை.

நம்மிடம் முன்னாள் ஆட்டக்காரருக்கு இரண்டே இடங்கள்தான். ஒன்று, மேடையில் பொன்னாடையும் மாலையும். இன்னொன்று, அணி முழுவதையும் தலையில் கட்டி, மூன்று ஆட்டம் தோற்றதும் துரத்திவிடுவது. இடையில் உள்ள நாற்காலி காலியாகவே கிடக்கிறது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம், ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் என்று உயர்கல்விக்கூடங்களுக்குப் பேராக்கில் பஞ்சமில்லை. கூடைப்பந்தோ கால்பந்தோ, ஒவ்வோர் அணியிலும் ஒரு முன்னாள் ஆட்டக்காரருக்குப் பகுதிநேர ஊதியத்தோடு ஓர் இடம் ஒதுக்கலாம். பொறுப்பு ஒன்றே ஒன்று: கோல்காவலர்கள், அல்லது தற்காப்பு வரிசை, அல்லது உயரமான ஆட்டக்காரர்கள். அணி வென்றதா தோற்றதா என்பதை வைத்து அவரை அளக்கக் கூடாது. அவரிடம் ஒப்படைத்த நான்கு பேர் பருவத் தொடக்கத்தில் எப்படி இருந்தார்கள், முடிவில் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல்.

"சான்றிதழ் இல்லாமல் எப்படி?" என்பார்கள். நியாயமான கேள்வி. நன்றாக ஆடியதே தகுதி என்று நானும் சொல்லவில்லை. தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம் நிலை நிலையாக இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே படித்து முடிக்கட்டும். மேனிங்கைப்போல் முதல் சில ஆண்டுகள் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கவும் தயாராக இருக்கட்டும். அதற்கு மனமில்லாதவருக்கு இந்த வேலை வேண்டாம்.

செலவு அதிகமில்லை. ஆண்டுக்கொரு முறை நட்சத்திர விடுதியில் நடத்தும் பாராட்டு விருந்துக்கு ஆகும் பணத்தில் ஒருவரின் ஒரு பருவ ஊதியத்தைக் கொடுத்துவிடலாம். அடுத்த விருந்துக்கு நன்கொடை கேட்டு வருபவர்களிடம், அந்தப் பணத்தை எந்த அணியின் எந்த நாற்காலிக்குத் தருவீர்கள் என்று கேட்டுவிட்டுக் காசோலையில் கையெழுத்துப் போடுங்கள்.