பலே இரசிகர்: ஒரு சமூகவியல் நோக்கு

கலை வரலாறு பெரும்பாலும் கலைஞரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆக்கியோன் யார், ஆக்கம் எப்போது தோன்றியது, எந்த மரபிலிருந்து எது கிளைத்தது என்பனவே அதன் வினாக்கள். அவையில் இருந்தோர் அவ்வரலாற்றிலே கைதட்டும் ஓசையாக மட்டுமே கேட்கின்றனர். ஐரோப்பியப் பலே நடனம் இக்குறையை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு. ஏனெனில், அக்கலையின் இரசிகருக்குத் தனிப்பெயரே உண்டு. ‘பலேட்டோமேன்’ என்னும் அச்சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவிலே வழங்கியது. ஆங்கிலத்தில் அது பரவியமைக்கு ஆர்னல்ட் ஹஸ்கல் 1934இல் வெளியிட்ட ‘பலேட்டோமேனியா’ என்ற நூல் முதன்மைக் காரணமாகும். பித்து என்னும் பொருள் அச்சொல்லின் உள்ளேயே உறைந்துள்ளது. (தமிழிலே ‘பலே’ என்பது பாராட்டொலியாக இருப்பது தற்செயலே, ஆயினும் பொருத்தமான தற்செயல்.)

இவ்விரசிகர் செய்வது யாது? நாவலொன்றை ஒருமுறை வாசித்து மூடிவைப்பவர் போலன்றி, ஒரே ‘ஜிஸெல்’லை அவர் இருபது முறை பார்க்கிறார். இன்றிரவு ஆடுபவர் யார், சென்ற மாதம் ஆடியவரிலிருந்து இவர் எவ்விடத்தில் வேறுபடுகிறார், கூட்டாக ஆடும் வரிசையிலிருந்து தனிப்பாத்திரத்துக்கு உயரப்போகும் இளம்பெண் யார் என்பனவற்றை அவர் அறிவார். நடனக் குழுவின் பின்னே ஊர்விட்டு ஊர் செல்வார். இத்தகையோரை முற்போக்கு விமர்சகர் பலர் அரசவைக் கலையொன்றின் ஒட்டுண்ணிகள் எனத் தள்ளிவிடுவர். அழகியல்வாதிகளோ தூய இரசனையின் காவலர் எனப் போற்றுவர். இரு சாராரும் இரசிகரைத் தனிமனித மனப்பாங்கின் வெளிப்பாடாகவே கொள்கின்றனர். அவர் எந்த இருக்கையிலிருந்து பார்த்தார், அவ்விருக்கைக்கு யார் பணம் செலுத்தினார், அப்பணம் அவருக்கு எத்தகைய உரிமையை அளித்தது என்பன கேட்கப்படுவதில்லை. இவற்றைக் கேட்டுப் பார்க்கும்போது, ஒரே பித்து வெவ்வேறு அரங்குகளில் முற்றிலும் எதிரான பயன்களை விளைத்துள்ளமை புலனாகிறது.

1830ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் பாரிஸ் ஒப்பரா அரங்கு, அரச மானியத்துடன், தனியாரின் பொறுப்பில் விடப்பட்டது. 1831இல் அதனைப் பொறுப்பேற்ற லுயி வெரோன் கலைஞரல்லர்; வணிக நுட்பம் வாய்ந்தவர். புதிதாகச் செல்வம் சேர்த்த வகுப்பினரை அரங்கினுள் ஈர்ப்பதற்கு அவர் கண்ட வழிகளுள் ஒன்று, மேடையின் பின்புறத்திலிருந்த நடனக் கூடத்தை வசதிபடைத்த சந்தாதாரருக்குத் திறந்துவிட்டமையாகும். ஆடுமுன் உடலைப் பயிற்றிக்கொள்ளும் இடத்திலேயே, தொப்பியும் கைத்தடியுமாக அக்கனவான்கள் நடமாடினர். நடனப் பள்ளியின் சிறுமியர் பெரும்பாலும் வறிய குடும்பத்தவர். அவர்களது ஊதியமோ மிகக் குறைவு. அவ்வறுமையே சந்தாதாரரின் ‘ஆதரவு’க்கு வாயிலாயிற்று. டெகாவின் ஓவியங்களில் திரைச்சீலையின் ஓரத்தே பாதி மறைந்து நிற்கும் கறுப்புடை மனிதர் கற்பனை உருவங்கள் அல்லர். 1881இல் அவர் காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயதுச் சிறு நடனக்காரி’ என்னும் மெழுகுச் சிற்பத்துக்கு மாதிரியாக நின்ற மரீ வான் கூதெம், சலவைத் தொழிலாளி ஒருத்தியின் மகள். அடுத்த ஆண்டே அவள் அரங்கிலிருந்து நீக்கப்பட்டாள். சிற்பம் உலகப் புகழ் பெற்றது.

அன்றைய பாரிஸில் பாராட்டும் விலைக்குரிய பண்டமாயிற்று. ஒகுஸ்த் லவஸர் என்பவர் கூலிக்குக் கைதட்டும் கூட்டத்தின் தலைவராக விளங்கினார். எந்த இடத்தில் எவ்வளவு கைதட்டல் வேண்டும் என்பதை அரங்க இயக்குநருடன் முன்கூட்டியே கலந்து தீர்மானிப்பார். எனினும், பணம் பெற்றுக் கைதட்டியோரைவிடப் பணம் கொடுத்து அமர்ந்திருந்தோரே கலைக்குக் கூடிய தீங்கு செய்தனர் என்பது எமது கருத்து. 1861இல் வாக்னரின் ‘டான்ஹொய்சர்’ இசைநாடகம் பாரிஸில் மேடையேறியது. உயர்குடியினரின் கழகமாகிய ஜொக்கி கிளப்பின் உறுப்பினர் இரவுணவை முடித்துக்கொண்டு இரண்டாம் அங்கத்திற்குத்தான் வருவர். ஆகவே நடனம் இரண்டாம் அங்கத்தில் இடம்பெறல் அங்கு எழுதாச் சட்டம். வாக்னர் அதனை முதலாம் அங்கத்தில் வைத்தார். கனவான்கள் சீழ்க்கையடித்தனர். மூன்று ஆற்றுகைகளோடு வாக்னர் தம் படைப்பை மீட்டுக்கொண்டார். பலேயை விரும்பியோர் செய்த செயலே இது. அவர்கள் விரும்பியது நடனத்தையா, நடனத்தின்மீது தமக்கிருந்த உடைமையையா என்பது வேறு விடயம்.

ஆயினும், அதே பாரிஸில்தான் தியோஃபில் கோத்தியேயும் வாழ்ந்தார். தாலியோனியைக் கிறித்தவ நடனக்காரி என்றும் எல்ஸ்லரைப் பிற சமய நடனக்காரி என்றும் பிரித்துக்காட்டிய அவரது விமர்சனம் இன்றும் பேசப்படுகிறது. கார்லோட்டா கிறிஸிமீது அவர் கொண்ட ஈடுபாட்டின் விளைவாக, 1841இல் அவர் இணைந்து எழுதிய கதையமைப்போடு ‘ஜிஸெல்’ உருவாயிற்று. இரசிகர் ஒருவர் ஆக்கத்தில் பங்காளியான அரிய நிகழ்வு இது. தமிழருக்கும் இங்கு ஒரு தொடர்பு உண்டு. 1838இல் திருவேந்திபுரத்திலிருந்து பாரிஸ் சென்று ஆடிய தேவதாசியரைக் கண்டு வியந்து எழுதியோருள் கோத்தியேயும் ஒருவர். அம்மணி என்னும் பெண்ணை அவர் மிகவும் புகழ்ந்தார். ஆனால் அப்புகழ்ச்சியிலே அவ்வாடலின் இலக்கணத்தைவிட, கீழைத்தேயம் பற்றி அவர் முன்னரே கொண்டிருந்த கனவுதான் மேலோங்கி நிற்கிறது. இரசிகர் தாம் காண விரும்பியதையே காணும் இயல்பு இங்கு அப்பட்டமாக வெளிப்படுகிறது.

சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் நிலைமை வேறு. அங்கு அரங்கு சாரின் சொத்து. சந்தா இருக்கைகள் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறின. 1842இல் தாலியோனி ரஷ்யாவை விட்டு நீங்கியபோது, அவரது காலணிகளை 200 ரூபிளுக்கு வாங்கிய அன்பர் சிலர் அவற்றைச் சமைத்து உண்டனர் என்றொரு கதை வழங்குகிறது. அது உண்மையாயினும் அன்றாயினும், அக்கதை தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்தமையே போதிய சான்று: பண்ணையடிமை முறை நிலவிய நாடொன்றில் நுகர்வின் எல்லை அது. இத்தகையோரின் வழியினரே செர்கேய் ஹுடெக்கோவ் போன்றோரும். பத்திரிகை ஆசிரியரான அவர், ‘லா பயடேர்’ (1877) என்னும் ஆக்கத்தின் கதையமைப்பிலே பெட்டிபாவுடன் பங்குகொண்டு, பின்னர் நடன வரலாற்றையும் பல தொகுதிகளாக எழுதினார். பித்து அறிவாக மாறும் வாய்ப்பு அங்கும் இருந்தது.

அவ்வறிவு எத்தகையது என்பதைச் சிறிது விரிவாக நோக்குதல் தகும். பலேயின் அடிப்படைச் சிக்கல், அதற்கு நூல் இல்லை என்பதாகும். நாடகத்திற்கு ஏடும் இசைக்குச் சுரக்குறிப்பும் உள. நடனமோ ஆசிரியரின் உடலிலிருந்து மாணவரின் உடலுக்குச் செல்வது. பெட்டிபாவின் ஆக்கங்கள் சில ஸ்தெப்பானோவ் குறியீட்டு முறையிலே பதிவாயின. அப்பதிவுகளை நிக்கலாய் செர்கேயேவ் புரட்சியின் பின் மேற்கே கொண்டுசென்றமையாலேயே 1930களில் லண்டனில் ‘ஜிஸெல்’, ‘அன்ன ஏரி’ முதலியவற்றை அவரால் மேடையேற்ற இயன்றது. ஆனால், அத்தகைய குறியீடு எங்கும் இருந்ததில்லை. 1913 மே 29ஆந் திகதி பாரிஸில் நிஜின்ஸ்கி அமைத்த ‘வசந்தச் சடங்கு’ பெருங் கூச்சலுக்கிடையே அரங்கேறியது. பத்துக்கும் குறைந்த ஆற்றுகைகளுடன் மறைந்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை எஞ்சியது, ஆடல் எஞ்சவில்லை. 1987இல் அமெரிக்காவின் ஜொஃப்ரி பலே குழுவுக்காக மில்லிசன்ட் ஹொட்சன் அதனை மீளமைத்தபோது துணையாகக் கொண்ட சான்றுகளுள், நிஜின்ஸ்கிக்கு உதவியாளராயிருந்த மரீ ரம்பேரின் குறிப்புகள் ஒருபுறம். அவையில் இருந்தபடியே வலன்டீன் குரோஸ் என்னும் பெண் வரைந்த விரைவுக் கோட்டோவியங்கள் மறுபுறம். அந்த ஆற்றுகைகளின்போது அவையில் இருந்தோருள் பலர் சீறினர், சிலர் ஆர்ப்பரித்தனர். ஒருத்தி உற்றுநோக்கி வரைந்தாள். எழுபத்து நான்கு ஆண்டுகளின் பின்னர் பயன்பட்டது அவளது பென்சிலே. இரசனை என்ற சொல்லுக்கு நாம் வழங்கும் மதிப்பு இவ்விடத்திலேதான் உரியதாகிறது.

ரஷ்யப் புரட்சியின் பின்னர், பஞ்சமும் போரும் நிலவிய சூழலில் பெரும் அரங்குகளுக்கான செலவை நிறுத்திவிடலாம் என லெனினே கருதியதுண்டு. கல்வி ஆணையாளர் லுனச்சார்ஸ்கி அதனை எதிர்த்து நின்று அரங்குகளைக் காத்தார். சாரின் உறவினர் அமர்ந்த இருக்கைகளில் தொழிலாளர் அமர்ந்தனர். அவர்கள் ‘அன்ன ஏரி’யை வெறுத்து ஒதுக்குவர் என எதிர்பார்த்த தீவிரவாதிகள் ஏமாற்றமடைந்தனர். 1956இல் பொல்ஷோய் குழு முதன்முதலாக லண்டனுக்கு வந்தபோது நுழைவுச்சீட்டுக்காக மக்கள் இரவிரவாகத் தெருவில் வரிசையில் நின்றனர். 46 வயதுடைய கலீனா உலானோவா யூலியட்டாக ஓடிய ஓட்டத்தைக் கண்டோர் வாழ்நாள் முழுவதும் அதனையே பேசினர்.

லண்டனின் இந்த இரசிகர் கூட்டம் பாரிஸ் சந்தாதாரரின் வழித்தோன்றல் அன்று. நினெற் டி வலோயின் குழு 1931இல் தொழிலாளர் வாழும் பகுதியிலிருந்த சட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் மலிவான கட்டணத்துடன் வளர்ந்தது. 1940 மேயில் ஒல்லாந்தில் ஆடிக்கொண்டிருக்கையில் ஜேர்மானியப் படையெடுப்புக்குள் அகப்பட்டு, இசைப்பிரதிகளையும் உடைகளையும் கைவிட்டுத் தப்பியது. போர்க்காலம் முழுவதும் ஊரூராக ஆடியது. இக்காலத்தில் உருவான அவை மேல்தட்டுக் கலரியின் அவை: எழுத்தாளர், ஆசிரியர், தட்டச்சாளர், மாணவர். மேடைக்கு மிகத் தொலைவில் இருந்தமையால் அவர்கள் முகத்தை அன்று, ஆடலின் முழு அமைப்பையே பார்த்தனர். நடனத்தின் தரைக்கோலம் மேலிருந்தே நன்கு தெரியும். மலிவான இருக்கையின் இந்த அனுகூலத்தை அனுபவித்தவர் அறிவர்.

ஆனால், இந்த அன்பும் தீங்கற்றதன்று. 1961இல் நுரேயெவ் பாரிஸில் சோவியத் குழுவை விட்டு நீங்கினார். 1962இல் மார்கொட் ஃபொன்டெய்னுடன் ‘ஜிஸெல்’ ஆடினார். அவ்விணையின்மீது எழுந்த வெறி, அதுவரை பலே அரங்கை எட்டிப்பாராதோரையும் இழுத்துவந்தது. 1965இல் கென்னத் மக்மிலன் தம் முதலாவது முழுநீள ஆக்கமான ‘ரோமியோவும் யூலியட்டும்’ நடனத்தை லின் சீமோர், கிறிஸ்டொபர் கேபிள் ஆகிய இளைஞர் இருவரின் உடலிலேயே செதுக்கினார். கட்டுப்பாட்டை மீறி, கால் தடுமாறி, காதலுக்குத் தானே வழிதேடும் யூலியட் சீமோருடையவள். ஆனால் அரங்கேற்ற இரவு ஃபொன்டெய்னுக்கும் நுரேயெவுக்கும் அளிக்கப்பட்டது. அமெரிக்கப் பயணத்துக்குப் பெயர் வேண்டியிருந்தது, சந்தை கேட்டது. திரை 43 முறை உயர்ந்தது. அவையிலிருந்தோர் உண்மையாகவே மகிழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை. அம்மகிழ்ச்சிக்குரிய விலையைச் செலுத்தியவர் மேடைக்கு வெளியே நின்றார். கேபிள் ஓரிரு ஆண்டுகளில் நடனத்தையே விட்டு நடிப்புத் துறைக்குச் சென்றார். ஜொக்கி கிளப்பினர் சீழ்க்கையால் செய்ததை இங்கு கைதட்டல் செய்தது எனின் அது மிகையாகலாம். ஆயின் கைதட்டலுக்கும் பொறுப்பு உண்டு என்பதை மறுத்தல் இயலாது.

இவ்விடத்தில் ஹஸ்கலை மீண்டும் நினைவுகூரலாம். ரஷ்யப் பிரபுக்களின் சொல்லை ஆங்கிலேயருக்கு அறிமுகஞ்செய்த அவர், முதிய வயதில் கியூபாவின் அபிமானியானார். அந்நாட்டின் நால்வரை ‘நான்கு மணிகள்’ எனப் பெயரிட்டழைத்தார். கியூபாவின் கதை 1959இல் தொடங்கவில்லை. அலிசியா அலொன்சோ 1948இல் நிறுவிய குழுவுக்கான உதவித்தொகையை 1956இல் பற்றிஸ்டாவின் அரசு நிறுத்தியது. அரசுக்கு இணங்க அவர் மறுத்தமையே காரணம். அவ்வாண்டு செப்டெம்பரில், ஹவானாப் பல்கலைக்கழக மாணவர் சம்மேளனம் தனது விளையாட்டரங்கிலேயே அவருக்கு ஆதரவாக விழாவெடுத்தது. அவர் அங்கு ஆடினார். பின்னர் புரட்சி வெல்லும்வரை கியூபாவில் ஆடவில்லை. பல்கலைக்கழகச் சங்கமொன்றின் ஏட்டிலே எழுதும் நாம் இந்நிகழ்ச்சியை இலேசாகக் கடந்துசெல்ல முடியாது. திறந்த வெளியில் திரண்ட அக்கூட்டத்தினருக்கு ஒரு நடனக்காரியைப் பின்பற்றுவதென்பது சர்வாதிகாரத்துக்கு எதிராக அணிதிரள்வதாகவே இருந்தது. 1959இன் பின்னர் குழு தொழிற்சாலைகளுக்கும் சதுக்கங்களுக்கும் சென்றது. நுழைவுச்சீட்டு மிக மலிவாயிற்று. பந்தாட்டக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல நடனக்காரரைப் பற்றி வாதிடும் அவை உருவாயிற்று.

முற்போக்காளர் கதையை இத்துடன் நிறுத்திவிடவே விரும்புவர். நாம் அவ்வாறு செய்வதற்கில்லை. இருபது வயதளவிலேயே பார்வை குன்றத் தொடங்கி, கண்கட்டுடன் படுக்கையிற் கிடந்தபடி விரல்களால் ‘ஜிஸெல்’லைக் கற்றவர் அலொன்சோ. மேடை விளக்குகளின் ஒளியைக் கொண்டே தமது இடத்தை அறிந்து ஆடியவர். எழுபது வயதைக் கடந்தும் அவர் மேடையேறினார், மக்கள் ஆர்ப்பரித்தனர். அவ்வார்ப்பரிப்பின் ஆதரவிலேயே எழுபது ஆண்டுகள் குழுவின் தலைமை ஒருவரிடமே இருந்தது. புதிய ஆக்கங்களை நாடிய இளையோர் பலர் வெளிநாட்டுப் பயணங்களின்போது திரும்பாது தங்கிவிட்டனர். அவர்களுள் எவரும் கியூப அவையைக் குறைகூறியதாக நாம் காணவில்லை. அத்தகைய அவை வேறெங்கும் தமக்குக் கிட்டவில்லை என்பதே அவர்களிற் பலரின் ஏக்கம். 2019 ஒக்டோபரில் அலொன்சோ காலமானபோது, அவரது பெயரையே தாங்கிய ஹவானாப் பேரரங்கில் உடல் வைக்கப்பட்டது. அன்று வாயிலுக்கு வெளியே, நுழைவுச்சீட்டு எதுவுமின்றி, மக்கள் வரிசையாக நின்றனர்.