கையெழுத்து வேறு, சம்மதம் வேறு

பூம்பாறைத் தோட்டங்களில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பூண்டின் பெயரைக் காக்கும். பேசிய விலையைக் காக்காது. ஒரு நிலைமையை எண்ணிப் பார்ப்போம். தோட்டத்தில் விலை பேசி முடித்த வியாபாரி, மூட்டைகள் வண்டியில் ஏறியபின் விலையைக் குறைக்கிறார். “இஷ்டம்னா கையெழுத்துப் போடும்மா, இல்லாட்டி மூட்டையை இறக்கிக்க.” விதைப்பூண்டுக்கு வாங்கிய கடனுக்கு மறுநாள் தவணை. பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். தவணை ஒருநாள்கூடப் பொறுக்காது. அந்தப் பெண் கையெழுத்திடுகிறார்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? வரவேண்டியதைக் குறைத்துப் பெற ஒப்புக்கொண்டால் அதோடு கணக்குத் தீர்ந்தது என்கிறது 63ஆம் பிரிவு. 15ஆம் பிரிவோ, தண்டனைச் சட்டம் தடுத்த செயலையும், சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைப்பதையும், அப்படிச் செய்வதாக மிரட்டுவதையுமே வற்புறுத்தல் என்கிறது. ‘வாங்க மாட்டேன்’ என்ற சொல் அதில் அடங்காது.

1917இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்பிரிவை அகலமாக வாசித்தது. தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டிய கணவன், மனைவியிடமும் மகனிடமும் தன் சகோதரனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிய சிக்கம் அம்மிராஜு வழக்கு அது. வற்புறுத்தலே என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். வீட்டுக்குள் ஒரு பெண் பட்ட அச்சம் சட்டத்தின் காதில் விழுந்தது.

சந்தையில் படும் அச்சம் அவ்வளவு எளிதாக விழுவதில்லை. 1986இல் பிரஜோ நாத் கங்குலி வழக்கில், பலமற்றவர்மீது திணிக்கும் நியாயமற்ற நிபந்தனை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். இருவரும் வணிகர்களாக இருந்து, ஒப்பந்தமும் வணிகம் சார்ந்ததானால் இது பொருந்தாமல் போகலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. பூண்டு விற்கும் பெண்ணை ‘வணிகர்’ என்று அழைத்துவிட்டால் கதவு மூடிக்கொள்ளும்.

ஆங்கிலச் சட்டம் பொருளாதார நெருக்குதலையும் ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் காரணமாக ஏற்கிறது. பாவோ ஆன் வழக்கில் 1979இல் பிரிவி கவுன்சில் சொன்ன கேள்விகள் இவை: எதிர்ப்புத் தெரிவித்தாரா? வேறு வழி இருந்ததா? தனி ஆலோசனை கிடைத்ததா? பின்னர் விலக முயன்றாரா? நல்ல கேள்விகள்தாம். ஆனால் எதிர்த்தால் அடுத்த போகத்தை யார் வாங்குவார் என்ற கணக்கு அவற்றில் இல்லை. பட்டா கணவர் பெயரில் இருந்தால், விலை பேசிய பெண்ணின் எதிர்ப்பை யார் எதிர்ப்பாகவே எடுத்துக்கொள்வார்? வேறு போக்கில்லாத மௌனம் நீதிமன்றத்தில் சம்மதமாகிவிடும்.

குறைந்த விலையெல்லாம் வற்புறுத்தல் ஆகாது. சந்தை சரிந்தால் பேரம் பேசலாம், வாக்குக் கொடுப்பதற்கு முன்பு. கொடுத்தபின், எதிராளியின் முடையைப் பார்த்து வாக்கை மாற்றுவது வேறு. பேசிய விலையைத் தோட்டத்திலேயே எழுதி, அவர் பெயரில் சீட்டுக் கொடுக்கும் வழக்கம் வந்தால் அந்த வேறுபாட்டுக்குச் சாட்சி இருக்கும். மறுத்திருந்தால் அன்று அவர் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று நீதிமன்றமும் கேட்டாக வேண்டும்.