எழுவாய் மறைந்த அறிக்கை: 1973இல் ஐரோப்பா பேசிய மொழி

1973 நவம்பர் 6 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் ஒன்பது நாடுகளும் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடி, மத்தியக் கிழக்கு குறித்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. எண்ணெய் ஆயுதத்தின் வெற்றிக்கு அது சான்று என்பர் நம்மில் ஒரு சாரார். எண்ணெய்க்காக ஐரோப்பா ஆடிய நாடகம் என்பர் மறு சாரார். இரு சாராருமே அதன் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படித்ததாகத் தெரியவில்லை.

அதனைப் படிக்குமுன் 1967 நவம்பர் 22இல் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானத்தை நினைவுகூர வேண்டும். போரில் கைப்பற்றிய நிலங்களிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது அது. ஆங்கில வாசகத்தில் 'நிலங்கள்' என்னும் சொல்லுக்கு முன் சுட்டுச்சொல் இல்லை. பிரெஞ்சு வாசகத்தில் உண்டு. நஹ்வு படிக்கத் தொடங்கிய மாணவனும் அறிந்த வேறுபாடு இது. அலிஃப் லாம் பெறாத சொல் நகிரா, பெற்றது மஃரிஃபா. நகிராவாகக் கொண்டால் சில நிலங்களை விட்டு விலகினாலே போதும் என்று வாதிடலாம். மஃரிஃபாவாகக் கொண்டால் அனைத்தையும் விட்டாக வேண்டும். அந்த வாதம் இன்றளவும் ஓயவில்லை.

1973 அக்டோபர் 6இல் எகிப்தும் சிரியாவும் போரைத் தொடங்கின. அக்டோபர் 16இல் வளைகுடா நாடுகள் எண்ணெயின் விலையை 70 சதவீதம் உயர்த்தின. மறுநாள் அரபு எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் மாதந்தோறும் 5 சதவீத உற்பத்திக் குறைப்பை அறிவித்தன. அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் முழுத்தடை விதிக்கப்பட்டது. நவம்பர் முதல் வாரத்தில் குறைப்பு 25 சதவீதமாயிற்று. அடுத்த ஓரிரு நாளில் ஒன்பது நாடுகளின் அறிக்கை வந்தது. இந்த வரிசையைப் பார்த்தபின் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஆயினும் காரணம் எதுவாயினும், சொல்லப்பட்டது என்ன என்பது தனிக் கேள்வி. 1967 முதல் நீடிக்கும் ஆக்கிரமிப்பை இஸ்ரேல் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றது அறிக்கை. இங்கே பேச்சு 'நிலங்கள்' பற்றியதன்று, 'ஆக்கிரமிப்பு' பற்றியது. அந்தச் சொல் மஃரிஃபாவாகவும் காலத்தால் வரையறுக்கப்பட்டும் நிற்கிறது. ஆங்கில வாசகம் திறந்து வைத்த சந்தை ஒன்பது நாடுகளும், ஆங்கிலம் பேசும் பிரிட்டன் உட்பட, ஏறக்குறைய அடைத்துவிட்டன. 242ஆம் தீர்மானத்தில் பெயர் சொல்லப்படாத 'அகதிகள்' மட்டுமாக இருந்தோர் இங்கே பாலஸ்தீனர் என்ற பெயருடன், நியாயமான உரிமைகள் உடையோராக வருகின்றனர். இதனை வெறும் நாடகம் என்று தள்ளுவது நேர்மையாகாது.

குறை வினைச்சொற்களில் உள்ளது. பாலஸ்தீனரின் உரிமைகள் 'கருத்தில் கொள்ளப்பட வேண்டும்' என்பது அறிக்கையின் நடை. யாரால்? அரபி இலக்கணத்தில் இத்தகைய வினையை மஜ்ஹூல் என்போம். செய்தவன் அறியப்படாதது என்பது பொருள். எழுவாயின் இடத்தில் நாயிபுல் ஃபாயில் வந்து அமர்ந்துகொள்ளும். அமைதிக்கான அடிப்படைகளை அடுக்கும் அப்பகுதியில் ஐரோப்பா தனக்கென எடுத்துக்கொண்ட வினை ஒன்றே: 'கருதுகிறோம்.' ஆக்கிரமிப்பு தொடர்ந்தால் என்ன செய்வோம் என்ற சொல் எங்கும் இல்லை.

அந்தக் 'கருதுகிறோம்' என்பதற்கே விலை கிடைத்தது. நவம்பர் 18இல் வியன்னாவில் கூடிய அரபு அமைச்சர்கள், டிசம்பர் மாதக் குறைப்பிலிருந்து நெதர்லாந்து நீங்கலாக ஐரோப்பியச் சமூகத்துக்கு விலக்களித்தனர். தடைக்குள்ளான உறுப்பு நாட்டுக்கு எண்ணெயை வெளிப்படையாகப் பங்கிட பிரிட்டனும் பிரான்சும் முன்வரவில்லை. டச்சுக்காரர்களோ, தங்கள் இயற்கை எரிவாயு பிரான்சுக்கும் போய்க்கொண்டிருப்பதை நினைவூட்டினர். இறுதியில் எண்ணெய் நிறுவனங்களே அரபு நாடுகளல்லாத பிற நாடுகளின் எண்ணெயைத் திருப்பிவிட்டு இழப்பை ஏறக்குறையச் சமமாகப் பரப்பின. கடலில் ஏறிய எண்ணெய்க்கு ஊர் கிடையாது என்பதைத் தடை விதித்தோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ரோட்டர்டாம் துறைமுகத்தை மூடினால் ஒரு நாடு பணிந்துவிடும் என்ற கணக்கு பிழைத்தது.

1974 ஜூலையில் தொடங்கிய ஐரோப்பிய-அரபு உரையாடலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெயும் ஃபலஸ்தீனும் அதன் நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே வைக்கப்பட்டன. எஞ்சியதைப் பற்றிக் குழுக்கள் பேசின. 1975 மே மாதம் அதே ஐரோப்பியச் சமூகம் இஸ்ரேலுடன் தொழிற்பொருள்களுக்கான தடையிலா வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அரபு அரசுகள் அதற்கு எண்ணெயால் பதில் சொல்லவில்லை. அமெரிக்கா மீதான தடையை 1974 மார்ச்சிலேயே அவர்கள் நீக்கியிருந்தனர். அப்போதும் ஆக்கிரமிப்பு நீங்கியிருக்கவில்லை. 1974 ஜனவரியில் பீப்பாய் 11.65 டாலரை எட்டிய விலை மட்டும் இறங்கவில்லை. அந்த விலையின் சுமையை இந்தியாவும் பங்களாதேஷும் சுமந்தன. (நம்மூர்ப் பிள்ளைகள் வளைகுடாவில் பிழைப்புத் தேடிப் பெருமளவில் போனதும் அந்தச் செல்வத்தின் பின்னரே, ஆகவே இதைப் பற்றி நம் மேடைகளில் குறை சொல்வாரில்லை.) ஐரோப்பா சொல்லைத் தந்து எண்ணெயைப் பெற்றது என்று குற்றம் சாட்டுவோர், அச்சொல்லைச் செயலுக்கு ஈடாக ஏற்றுக்கொண்டவர் யார் என்பதையும் கேட்க வேண்டும்.

அதற்குப் பின்னர் சொற்கள் வளர்ந்துகொண்டே வந்தன. 1980 ஜூன் மாத வெனிஸ் பிரகடனம் பாலஸ்தீனரின் சுயநிர்ணய உரிமையை ஒப்புக்கொண்டு, குடியேற்றங்கள் சர்வதேசச் சட்டத்துக்குப் புறம்பானவை என்றது. 1999 மார்ச்சில் பெர்லினில் 'அரசு' என்ற சொல் சேர்ந்தது. செயலோ வேறு கடிகாரத்தில் ஓடிற்று. ஐரோப்பாவால் செயல்பட இயலாது என்பதன்று. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது, தன் தொழில்களுக்கு நேரும் இழப்பையும் பொறுத்து, கடல் வழி வரும் ரஷ்யக் கச்சா எண்ணெயை அவ்வாண்டு டிசம்பர் 5 முதல் தடை செய்தது. பத்து மாதங்களுக்குள் அது முடிந்தது. குடியேற்றங்களில் விளைந்த பொருள்களுக்கு இஸ்ரேலுக்குரிய வரிச்சலுகை இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2010இல். அப்பொருள்களின் மீது அவை எங்கிருந்து வந்தன என்று அச்சிட வேண்டும் என ஐரோப்பிய ஆணையம் வழிகாட்டியது 2015 நவம்பரில். வெனிஸில் அவை சட்டப்புறம்பானவை என்று எழுதி அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. விற்பதற்குத் தடையில்லை, சீட்டு ஒட்டினால் போதும்.