டீ ஆறுவதற்குள்

‘கே-ஆன்!’ தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாக ஒரு பதில் வரும்: “அதுல கதைன்னு என்ன இருக்கு? அஞ்சு பொண்ணுங்க உக்காந்து கேக் தின்னுட்டு டீ குடிக்குதுங்க, அவ்வளவுதானே?” குற்றச்சாட்டில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஒரு மேல்நிலைப் பள்ளி, அதில் ஆளில்லாமல் மூடப்போகும் மெல்லிசைக் கழகம். நாலு பேர் சேர்ந்தால்தான் கழகம் பிழைக்கும். ஒத்திகைக்குக் கூடுகிறார்கள், முகி வீட்டிலிருந்து கேக் வருகிறது, கெட்டில் கொதிக்கிறது, கிட்டார் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. ஆனால் இதை ஒரு குறையாகச் சொல்கிறவர்கள் தொடருக்குள் ஓடும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மூலம் கக்கிஃப்ளை வரைந்த நான்கு கட்டச் சித்திரக்கதை. மூன்று கட்டத்தில் ஏற்றி நான்காவதில் சிரிப்பை இறக்கிவிட்டுப் போய்விடுவது அந்த வடிவம். அடுத்த பட்டைக்கு எப்போது போவது என்பதைத் தாளில் வாசகரின் கண் தீர்மானிக்கிறது. திரையில் அதை யாராவது தீர்மானித்தாக வேண்டும். கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் 2009இல் அந்தப் பொறுப்பை நவோகோ யமாடாவிடம் கொடுத்தது. இருபதுகளின் நடுவில் இருந்த அவருக்கு இயக்குநராக அதுதான் முதல் தொடர். ஜோக் முடிந்த பிறகும் அவர் காட்சியை வெட்டுவதில்லை. சிரித்து முடித்தவள் கோப்பையை நகர்த்துகிறாள், மேசைக்கடியில் ஒரு கால் இன்னொரு காலைச் சுரண்டுகிறது. யமாடா முகத்தைவிடக் கால்களை அதிகம் நம்புகிறவர். வாய் கிண்டல் செய்துகொண்டிருக்கும்போதே கால் தயங்குவதைக் காட்டிவிடுவார்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். கூடுதல் அத்தியாயங்களை விட்டுவிட்டால் முதல் பருவம் 12 அத்தியாயம். பள்ளியின் இரண்டு வருடம் அதற்குள் ஓடிவிடுகிறது. 2010இல் வந்த இரண்டாம் பருவம் 24 அத்தியாயம். அதில் இருப்பது கடைசி ஒரு வருடம் மட்டும். காலத்தை நாலு மடங்கு மெதுவாக்கியிருக்கிறார்கள். வெயில் தாங்காமல் துவண்டு கிடப்பதற்கு, சேமிப்பறையைச் சுத்தம் செய்வதற்கு எல்லாம் தனித்தனி அத்தியாயம். முதல் முறை பார்க்கும்போது இழுவை என்றுதான் தோன்றும். பள்ளி முடியப்போகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாத வீட்டில் நாட்களை இப்படித்தான் இழுப்பார்கள்.

அந்தச் சொல்லாமை இருபதாவது அத்தியாயத்தில் உடைகிறது. கலைவிழாக் கச்சேரி முடிந்து ஐவரும் கழக அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்து கிறிஸ்துமஸ், அப்புறம் புத்தாண்டு என்று திட்டம் போட்டுக்கொண்டே போகிறார்கள். அடுத்த வருடக் கலைவிழா வரைக்கும் போன பிறகுதான் அது தங்களுக்கு இல்லை என்பது உறைக்கிறது. அழுகிறார்கள். மற்ற தொடர்களில் இந்த அழுகைக்கு ஒரு நோயோ விபத்தோ தேவைப்பட்டிருக்கும். இங்கே நாள்காட்டி மட்டும் போதுமானதாக இருக்கிறது.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். முதல் கலைவிழாவில் மியோ மேடையில் தடுக்கி விழுவதை வைத்துப் பண்ணும் நகைச்சுவை மலிவானது. கூச்ச சுபாவமுள்ள ஒரு பெண்ணின் அவமானத்தைத் திரும்பத் திரும்பக் கறந்திருக்கிறார்கள். ஆசிரியை சவாகோ பிள்ளைகளுக்கு விதவிதமான உடை மாட்டிவிடும் ஜோக்கும் மூன்றாவது தடவைக்கு மேல் தாங்காது. முகி வீட்டுப் பணம் இன்னொரு சிக்கல். 2,50,000 யென் கிட்டாருக்காக எல்லோரும் சாலையோரம் உட்கார்ந்து வண்டி எண்ணும் கூலி வேலைக்குப் போகும் அத்தியாயம் அருமையாகத் தொடங்குகிறது. கடைசியில் கடையே முகி அப்பாவின் நிறுவனத்தது என்று 50,000 யென்னுக்குக் கைமாறிவிடுகிறது. சிரிப்பு வருகிறது, உழைப்பு ஆவியாகிவிடுகிறது.

தொடரின் உண்மையான வலி அசுசாவிடம் இருக்கிறது. ஒரு வருடம் இளையவள், ஐவரில் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவள். இவர்கள் கச்சேரியைக் கேட்டு மயங்கிச் சேர்ந்தவள், சேர்ந்த பிறகு யாருமே பயிற்சி செய்வதில்லை என்று நொந்துபோகிறாள். முதல் அத்தியாயத்தில் யுய்யைச் சேர்ப்பதற்காக மற்ற மூவரும் ஒரு பாட்டு வாசித்துக் காட்டுவார்கள். அவள் கைதட்டிவிட்டு, அவ்வளவு நல்லா இல்லையே என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். சொல்லிவிட்டுச் சேர்ந்தும்விடுவாள். இருபத்து நான்காவது அத்தியாயத்தில் விடைபெறும் நால்வரும் அசுசாவுக்காக எழுதிய பாட்டை வாசிக்கிறார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு அவளும் ஏறக்குறைய அதே விமர்சனத்தைச் சொல்கிறாள்; இன்னும் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறாள். யுய் அன்று சொன்னது அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

கழக அறையில் ஒரு தொட்டியும் அதில் டோன்-சான் என்ற ஆமையும் உண்டு. புது உறுப்பினர் யாரும் சேராத வருடத்தில், அசுசாவுக்கு ஒரு ஜூனியர் வேண்டுமே என்று சீனியர்கள் வாங்கி வைத்தது. வாங்கிய அத்தியாயத்தில் அது வெறும் ஜோக். பள்ளிக் கட்டடத்துக்கு மாதிரியாக இருந்தது ஷிகா மாகாணத்தில் 1937இல் வோரீஸ் வடிவமைத்துக் கட்டிய தொயோசாதோ தொடக்கப்பள்ளி. அதன் படிக்கட்டுக் கைப்பிடியிலும் வெண்கல ஆமையும் முயலும் உண்டு. சீனியர்கள் போன பிறகு அந்தப் படியேறி வந்து ஆமைக்கு இரை போட வேண்டியவள் அசுசாதான்.