நாற்பதுக்கு எத்தனை மதிப்பெண்?

2017 பிப்ரவரியில், சென்னையில் மவுண்ட்–பூந்தமல்லி சாலையை ஒட்டிய முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். கைதான இளைஞரைச் 'சைக்கோ' என்று ஊரே தீர்மானித்துவிட்டது. ஓராண்டில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் மனத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. ஊர் வாய் சொல்வதைவிட மனநல மருத்துவம் எவ்வளவு கவனமாகச் சொல்கிறது என்பதே என் கேள்வி.

ஊர் 'சைக்கோ' என்பதை மருத்துவர்கள் சைக்கோபதி, அதாவது இரக்கமும் குற்றவுணர்வும் அற்ற ஆளுமை, என்கிறார்கள். அதை அளக்க, கனடாவின் உளவியலாளர் ராபர்ட் ஹேர் சிறைக் கைதிகளை ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட பட்டியல்தான் இன்றும் முதன்மையான அளவுகோல். 20 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 40க்கு 30 வாங்கினால் பொதுவாகச் சைக்கோபத். பயிற்சி பெற்றவர் நேரில் பேச வேண்டும், பழைய ஆவணங்களையும் புரட்ட வேண்டும். தேனொழுகப் பேசி ஏமாற்றுபவரை அவர் பேச்சைக் கொண்டே எடைபோட முடியாதல்லவா? இந்தக் கட்டுப்பாடு பெரிய முன்னேற்றம்.

ஆனால் இளம்வயதுக் குற்றம், பலவகைக் குற்றம் என்று பட்டியலே குற்றத்தை எண்ணுகிறது. பிறகு குற்றத்துக்கு அந்த எண்ணையே காரணம் காட்டுகிறார்கள். ஆய்வாளர்கள் குக், மிச்சி இருவரும் 2001இல் இத்தகைய கூறுகளை விலக்கிவிட்டு ஆளுமையை மட்டும் அளக்க முயன்றது சரியான திருத்தம்.

அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்மில் சைக்கோபதி தனி நோயே அல்ல. சமூக விரோத ஆளுமைக் கோளாறுதான் உண்டு. வேலையில் நிலைக்காமை, கடனைத் திருப்பாமை ஆகியவை அதன் அறிகுறிகளில் சேரும். ஆனால் சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் முடிந்ததும் பையன்களிடமிருந்து அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். அடுத்த கம்பெனி கிடைக்கும்வரை வட்டி ஏறுகிறது. பையனின் குணத்தையும் முதலாளியின் கணக்கையும் பிரித்தறிய அங்கே வாழ்ந்து பார்த்த மருத்துவர் வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐசிடி-11, வகைப்பெயருக்கு முன் கோளாறின் தீவிரத்தை அளக்கச் சொல்வது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. 2013இல் மரி, போக்காச்சினி ஆய்வுக் குழு ஒரே கோப்புகளை நூற்றுக்கும் மேற்பட்ட வல்லுநர்களிடம் கொடுத்து, ஹேர் பட்டியல்படி மதிப்பிடச் சொன்னது. அரசுத் தரப்புக்கு வேலை செய்வதாக நம்பியவர்கள் கூடுதலாகவும், எதிர்த்தரப்புக்கு என்று நம்பியவர்கள் குறைவாகவும் மதிப்பெண் போட்டார்கள்.

மரண தண்டனை வழக்குகளில் உளவியல் மதிப்பீட்டை விசாரணைக் கட்டத்திலேயே பெற வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த அறிக்கை மேசைக்கு வரும்போது நீதிபதி மதிப்பெண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. எத்தனை மணி நேரம் பேசினீர்கள், எந்த மொழியில், யார் தந்த கோப்பை வைத்து என்று மருத்துவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டும்.