ஆடலாசான் ரம்லி இப்ராஹிம்: ஒரு மதிப்பீடு

பெட்டாலிங் ஜெயாவில் நண்பர் ஒருவரது இல்லத்தில் தமிழாசிரியர் சிலர் கூடியிருந்த ஒரு மாலையில், பேச்சு நாட்டியத்தின் பக்கம் திரும்பிற்று. ரம்லி இப்ராஹிமின் குழுவினர் ஆடியதை அண்மையில் கண்டுவந்த ஒருவர், "மலாய்க்காரர் ஐயா! நம் ஆடலை என்னமாய் ஆடுகிறார்!" என்றார். ஏனையோர் தலையசைத்தனர். அதற்கு மேல் அதைப் பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை. தேநீர் வந்தது, பேச்சு தேர்வுத்தாள்களுக்கு மாறிவிட்டது.

அந்த வியப்பு பொய்யான வியப்பன்று. ஆயினும் அது ஆளைப் பற்றிய வியப்பேயன்றி ஆடலைப் பற்றியதன்று. ஒருவர் எந்தக் குடியிற் பிறந்தார் என்பது அவர் கால் எடுத்து வைத்த அழகுக்கும், கை காட்டிய பொருளுக்கும் அளவுகோல் ஆகாது. அவ்வாறிருந்தும், 1983ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் 'சூத்ரா' நடன அரங்கை நிறுவி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இடையறாது இயங்கிவரும் ஒரு கலைஞரைக் குறித்து நான் தமிழிற் படித்தவற்றுள் பெரும்பகுதி செய்தியும் பாராட்டுமே. விமர்சனம் என்று சொல்லத்தக்கது அருகியே காணப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுதுவோர் அவரைப் போற்றினாலும் குறை கூறினாலும் அவரது ஆடலைப் பார்த்துவிட்டு எழுதுகின்றனர். நாமோ அவரது பெயரைப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறோம்.

அவர் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1953இல் காஜாங்கில் பிறந்தவர். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். அந்நாட்டிலேயே பாலே முதலிய மேலை ஆடல்களில் தேர்ந்து, சிட்னி நடனக் குழுவில் ஆடினார். பரதநாட்டியத்தை அடையாறு கே. லட்சுமணனிடமும், ஒடிசி நடனத்தைக் குரு தேவபிரசாத் தாசிடமும் கற்றார். தித்திவங்சா பகுதியிலுள்ள அவரது சூத்ரா இல்லத்தில் திறந்தவெளி அரங்கும் ஓவிய, நிழற்படக் காட்சிக்கூடமும் ஒருசேர அமைந்துள்ளன. இந்திய அரசு 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. விருதுகளைப் பற்றி இதற்கு மேல் இங்குப் பேச வேண்டுவதில்லை.

முத்தமிழ் என்ற சொல்லை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். வகுப்பறையிலோ இயல் ஒன்றையே கற்பிக்கிறோம். இயலையும் இசையையும் கூத்தையும் ஒரே தொழிலாகக் கொண்டு வாழ்பவன் எப்படியிருப்பான் என்று மாணவன் கேட்டால், இளங்கோவடிகளின் அரங்கேற்று காதையைத் திறந்து காட்டுவதன்றி நமக்கு வேறு வழியில்லை. அக்காதையை நாம் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே நடத்திவிடுகிறோம். ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அறுவரின் இலக்கணம். பின்னர் அரங்கின் அளவு. அதன்பின் விளக்கும் எழினியும் தலைக்கோலும். மனப்பாடத்துக்கு உகந்தது என்பதனால் தேர்விலும் கேட்கப்படுகிறது. ஆனால் அது ஒரு விமர்சகனின் அளவுகோல் என்பதை நாம் உணர்வதில்லை. ஆடல் ஒன்றைக் காணச் செல்பவன் எவற்றையெல்லாம் நோக்கவேண்டும் என்று அடிகள் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். அக்கோலை எடுத்து நம் காலத்து ஆடலாசான் ஒருவரை அளந்து பார்த்தால் என்ன?

ஆடலாசானுக்கு அடிகள் கூறும் தகுதிகளுள் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது ஒன்றுண்டு. அவன் பல கூத்துக்களையும் அறிந்தவனாக இருத்தல் வேண்டும் என்பதை எவரும் எதிர்பார்க்கலாம். அடிகள் அத்துடன் நிற்கவில்லை. ஒரு கூத்துக்குரிய கை மற்றொன்றில் வந்து புகாமலும், குரவைக்குரியதும் வரிக்குரியதும் ஒன்றோடொன்று கலந்துவிடாமலும் காக்கத் தெரிந்தவனே ஆசான் என்கிறார். பலவற்றை அறிதல் ஒரு திறம். அறிந்தவற்றைக் கலக்காதிருத்தல் அதனினும் அரிய திறம். பல கலை வல்லார் என்று இக்காலத்தில் பாராட்டப்படுவோர் பலர் முதலாவதைக் கொண்டு இரண்டாவதை இழந்தவர்கள்.

ரம்லி இப்ராஹிம் இந்த இடத்திலேதான் என் மதிப்பில் உயர்கிறார். பரதத்தின் உடல் அரைமண்டியில் அமைவது. முழங்கால்கள் இருபுறமும் விரிய, உடல் நேர்கோடாக நின்று, கோணங்களாகவும் கோடுகளாகவும் வெளியைப் பகுப்பது. ஒடிசியின் உடல் வேறு. சதுரமாக நிற்கும் சௌக்க நிலையும், தலை, இடை, முழங்கால் என மூவிடத்தும் வளையும் திரிபங்க நிலையும் அதன் இரு தூண்கள். அங்கே மார்புப் பகுதி தனியே அசையும். ஒரே உடலில் இவ்விரண்டையும் பயிற்றுவித்தால், பரதம் ஆடுகையில் இடை நெளிவதும், ஒடிசி ஆடுகையில் தோள் விறைப்பதும் இயல்பாக நேரக்கூடிய குற்றங்கள். சூத்ராவின் தேர்ந்த மாணவியரிடம் இக்குற்றத்தை நான் கண்டது அரிது. பாலேயும் பயின்ற உடலையுடைய ஆசான் ஒருவர், பாலேயின் சாயலைத் தம் மாணவரின் அலாரிப்பில் படியவிடாமல் காத்திருப்பது சிறிய செயலன்று. (திரிபங்கம் தமிழர்க்கு அயலானது என்று எவரும் எண்ணிவிட வேண்டா. சோழர் காலத்துச் சிவகாமி செப்புத் திருமேனி ஒன்றின் படத்தை மாணவர்க்குக் காட்டினால் போதும். மூன்று வளைவும் அதில் உள.)

இனி, 'நம் ஆடல்' என்ற சொல்லையும் சற்றுத் தட்டிப் பார்க்கவேண்டியுள்ளது. சதிர் என வழங்கிய ஆடலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் கோயில் சார்ந்த மரபுக் குடியினர். 1947ஆம் ஆண்டின் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை ஒட்டிய காலத்தில் அக்குடியினர் மேடையினின்றும் பெரிதும் விலகினர். 1936இல் ருக்மிணி தேவி நிறுவிய கலாட்சேத்திரம் போன்ற இடங்களில் அவ்வாடல் புதிய குடியினரின் கைக்கு வந்தது. ரம்லியின் ஆசானாகிய லட்சுமணன் அக்கலாட்சேத்திரத்தில் உருவானவர். ஆந்திரத்துக் குப்பத்திலே பிறந்தவர். ஆகவே, இவ்வாடல் நம் காலத்தில் எல்லார்க்கும் கற்றுக்கொண்டதால் உரியதேயன்றிப் பிறந்ததால் உரியதன்று. கிளாங்கிலோ காஜாங்கிலோ வாழும் தமிழ்ச் சிறுமியும் அதைக் கற்றுத்தான் பெறுகிறாள்.

மற்றொரு பக்கமும் உண்டு. மலாய்க்காரர் ஒருவர் இராமனையும் கண்ணனையும் ஆடுவது புதுமை என்போர் கிளந்தான் மாநிலத்து வாயாங் கூலிட் என்னும் தோற்பாவை நிழற்கூத்தை மறந்துவிடுகின்றனர். அக்கூத்தின் பெருங்கதையே சேரி ராமா கதைதான். திரைக்குப் பின் அமரும் 'டாலாங்' ஒருவனே எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து, பாடி, பாவைகளை ஆட்டி, இசைக்குழுவையும் நடத்துகிறான். பல கலையை ஒருவன் தாங்கும் மரபு இம்மண்ணுக்கு அயலதன்று. 2005இல் யுனெஸ்கோ சிறப்பித்த மாக் யோங் கூத்தும் பாட்டு, ஆடல், உரையாடல் மூன்றையும் இணைத்ததே.

தேவபிரசாத் தாசிடம் பயின்றதன் பயனை இங்கே கூறவேண்டும். 1950களின் இறுதியில் ஒடிசி ஆசான்கள் கூடித் தம் ஆடலுக்குப் பொது இலக்கணம் வகுத்தபோது, மெருகேறிய கோயிற் சிற்ப அழகே முதன்மை பெற்றது. தேவபிரசாத் அவ்வழகோடு நாட்டுப்புறத்தாரின் முரட்டுத்தனத்தையும் விடாமல் பற்றியவர். வேத்தியல், பொதுவியல் என்று நம் முன்னோர் பிரித்ததை இங்கு நினைவுகூரலாம். அவர் வேத்தியலுக்குள் பொதுவியலின் மூச்சை நிறுத்தியவர். அவ்வழி வந்த குரு கஜேந்திர பாண்டாவோடு இணைந்து சூத்ரா படைத்த 'கஞ்சம்' என்னும் ஆடல் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து நாட்டுப்புறக் கூத்துக்களை அடியொற்றியது. 1936 வரை அம்மாவட்டம் சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தது என்பது தமிழ் மாணவர் அறியத்தக்க செய்தி. அவ்வாடலில் கால் தரையை உதைக்கும் ஓசையைக் கேட்டபோது, நம் தோட்டப்புறங்களில் திருவிழாக் காலத்தில் கேட்ட காவடி ஆட்டத்தின் ஓசை என் செவிக்கு வந்தது. நம் பொதுவியல் ஆட்டங்களை இவ்வாறு மேடையேற்ற நம்முள் ஒருவர் ஏன் துணியவில்லை என்ற எண்ணமும் உடன் வந்தது.

அரங்குக்கு வருவோம். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்பது அடிகள் தரும் அளவு. கோலாவது இருபத்துநான்கு பெருவிரல் அளவினது. பெருவிரலை ஓர் அங்குலமாகக் கொண்டால் கோல் ஏறத்தாழ இரண்டடி, மேடை ஏறத்தாழப் பதினான்கடிக்குப் பதினாறடி. வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினால், அது ஒருத்தி ஆடும் மேடை என்பது மாணவர்க்கு உடனே விளங்கும். பரதத்தின் மார்க்கமும் ஒருவர் ஆடற்கு எழுந்ததே. அதைப் பலர் ஆடும் கூட்டாடலாக்கிப் பெருமேடையை நிறைத்தவர்களுள் ரம்லி குறிப்பிடத்தக்கவர். இதில் ஈட்டியதும் உண்டு, இழந்ததும் உண்டு. பத்துப் பெண்கள் ஒரே கணத்தில் திரும்பும்போது எழும் ஆற்றல் தனியாடலில் கிட்டாது. ஆனால் பதம் ஆடுகையில், ஒரே சொல்லுக்கு ஒருத்தி பத்து வகையாகப் பொருள் காட்டும் நுட்பம், பத்துப் பேர் ஒரே வகையாகக் காட்டும்போது மறைந்துவிடுகிறது. 1984இல் மறைந்த பாலசரசுவதி அம்மையார் அமர்ந்தபடியே பாடி அபிநயித்தாலும் அவை அசையாதிருந்தது என்பர். சூத்ராவின் ஆடல்களில் சிற்பம் போன்று உறைந்து நிற்கும் காட்சிகள் சில வேளை அளவு கடக்கின்றன. கண் நிறைகிறது, பொருள் அடுத்த அடிக்கு நகராமல் காத்து நிற்கிறது. இதை நான் குறையாகவே கருதுகிறேன்.

விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு நிறுத்துக என்பது அடிகளின் விதி. அக்காலத்து ஒளியமைப்பின் நோக்கம் நிழலை நீக்குவது. சூத்ராவின் ஒளியமைப்பாளர் சிவராஜா நடராஜன் ஓவியரும் ஆவார். அவரது ஒளியோ நிழலை அழைத்து மேடையில் அமர்த்துகிறது. பக்கவாட்டில் வீசும் ஒளியில் உடலின் ஒரு பாதி மறைய, மற்றொரு பாதி வெண்கலம்போல் துலங்கும். தூரிகை பிடித்த கை விளக்கைப் பிடித்தால் என்ன நேரும் என்பதற்கு இது சான்று. விதியை மீறியதா இது? ஆம். ஆயினும் விதியை அறிந்து மீறியது. நிழலைத் தற்செயலாக விழவிடாமை என்னும் அவ்விதியின் உட்பொருள் இங்கும் காக்கப்படுகிறது.

சூத்ரா தோன்றிய காலம் இந்நாட்டுக் கலையுலகில் ஒரு விழிப்புக் காலம். 1981இல் நுண்கலைக் கோயில் தோன்றிற்று. பின்னர் பிரிக்பீல்ட்ஸில் நிலைகொண்டு எண்ணற்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆடலும் இசையும் அளித்து வருகிறது. 1984இல் கிருஷ்ண் ஜித், மெரியன் டிகுருஸ், சின் சான் சூய் ஆகியோர் ஐங்கலை மையத்தைத் தொடங்கினர். அம்மையத்தினர் இந்நாட்டுத் தமிழர் வாழ்வை எழுதிய கே.எஸ். மணியத்தின் நாடகத்தை மேடையேற்றினர். ஆனால் அது ஆங்கில நாடகம்.

இதனாலேயே அடிகளின் பட்டியலில் புலவன் என்னும் இடத்துக்கு வரும்போது என் கை தயங்குகிறது. தமிழ் முழுதும் அறிந்தவனாய், வேத்தியலும் பொதுவியலும் உணர்ந்தவனாய், இசையாசிரியன் கருதிய போக்கை அறிந்து அதற்கேற்பச் சொல்லை அமைப்பவனாய், பிறர் பழிக்க இடங்கொடாத பாட்டை யாப்பவனாய் அவன் இருத்தல் வேண்டும் என்கிறார். ரம்லியின் ஒடிசி ஆடல்களுக்குச் செயதேவரின் வடமொழிப் பாடல்களும் ஒடியப் பாடல்களும் துணை நிற்கின்றன. பரதத்துக்கு முன்னோர் யாத்த வர்ணமும் பதமும் உள. இந்நாட்டுப் புலவன் யாத்த தமிழ்ப்பாட்டு எங்கே? ஆசான் கேட்கவில்லை என்று சொல்லித் தப்புவது எளிது. நம் மரபுக் கவிஞர் போட்டிகளுக்கும் விழாக்களுக்கும் யாக்கின்றனர். புதுக்கவிஞர் ஏட்டுக்கு எழுதுகின்றனர். ஆடுவாளின் அடியெண்ணிக்கையை அறிந்து, அவள் கை எந்தச் சொல்லில் திரும்பும் என்று கணித்து, பாட்டெழுத முனைந்தவரை நான் கண்டதில்லை. தாளக்கட்டும் சொற்கட்டும் கற்றவராக நம் கவிஞருள் எத்தனை பேர் உளர்?

அன்று பெட்டாலிங் ஜெயாவில் வியந்த நண்பரிடம் பின்னொரு நாள் இதைச் சொன்னேன். அவர் நல்ல வெண்பாக் கவிஞர். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "ஆதி தாளத்துக்கு எத்தனை அட்சரம், ஐயா?" என்று கேட்டார். எட்டு என்றேன். மேசை மீது விரலால் தட்டி எண்ணத் தொடங்கினார்.