முன்னெழுத்துக்குப் பின்னால் ஒருத்தி

சிதம்பரத்தில் என் முதுகலை மாணவிகள் ஒரு பழைய நூலைக் கையில் வாங்கியதும் நேரே பாட்டுக்குப் போய்விடுவார்கள். நான் அவர்களை முகப்புப் பக்கத்திலேயே நிறுத்திவைப்பேன். யார் இயற்றியது, யார் கேட்டுக்கொண்டபடி, யார் பார்வையிட்டு, எந்த அச்சுக்கூடத்தில், என்ன விலைக்கு என்பதையெல்லாம் நம் பழைய முகப்புகள் ஒரே நீண்ட வாக்கியத்தில் சொல்லிவிடும். பணம் யாருடையது, பழி யாருக்கு, பெயர் யாருக்கு என்ற மூன்று கணக்குகளும் அதில் உண்டு.

எங்கள் வட்டாரமே இதற்குச் சாட்சி. 1867இல் திருவருட்பா அச்சேறியபோது, தன்னை ‘இராமலிங்க சாமி’ என்று வழங்கக் கூடாது என வள்ளலார் கடிதம் எழுதித் தடுத்தார். தொழுவூர் வேலாயுத முதலியார் முகப்பில் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்று போட்டார். அருட்பா என்ற பெயரே எதிர்ப்பைக் கிளப்பியது. பூசல் முற்றி, 1869இல் ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்காகக் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு வந்தது. பெயர் இட்டவர், மறுத்தவர், வழக்காடியவர் எல்லோரும் ஆண்கள்.

பெண்கள் எங்கே என்று தேட, 18ஆம் நூற்றாண்டு லண்டன் புத்தகத் தொழில் எனக்கு ஒரு வழி காட்டியது. அங்கே ‘இன்னாரால் அச்சிடப்பட்டது’ என்றால் அச்சகத்தார். ‘இன்னாருக்காக’ என்றால் பெரும்பாலும் பணம் போட்ட உரிமையாளர். ‘இன்னாரிடம் கிடைக்கும்’ என்றால் விற்றவர். ஆல், கு, இடம் என்று நாம் பள்ளியில் படித்த வேற்றுமை உருபுகள்தாம். தாமஸ் கிரே இடுகாட்டில் நின்று பாடிய புகழ்பெற்ற இரங்கற்பா 1751இல் ஆர். டாட்ஸ்லிக்காக அச்சிடப்பட்டு, எம். கூப்பரிடம் விற்பனைக்கு வந்தது. அந்த எம். என்பவர் மேரி, கணவர் இறந்தபின் கடையை ஏற்று நடத்தியவர்.

பெண் பெயரைக் கண்டதும் மகிழ்ந்துவிடவும் முடியாது. 1728இல் அலெக்சாண்டர் போப் தன் பெயரைப் போடாமல் வெளியிட்ட வசைகாவியம் ‘டன்சியட்’. டப்ளின் நூலின் மறுஅச்சு என்ற பொய்யோடு, அதன் முகப்பில் ஏ. டாட் என்ற பெயர் நிற்கிறது. அவர் ஆன் டாட், அவரும் கணவரை இழந்தவர். எழுதியவர் மறைந்திருக்க, கேள்வி வந்தால் கைகாட்ட ஒரு பெண்ணின் பெயர் வெளியே இருந்தது. ஆகவே பெயரோடு அதன் வாலில் ஒட்டிய உருபையும் படிக்க வேண்டும். அதிகாரம் இருக்கும் இடம் அதுதான்.

உருபு சரியாக இருந்தாலும் முன்னெழுத்து பாக்கி நிற்கும். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தானே நடத்தினார், நூறு நாவல்களுக்கு மேல் எழுதினார். வை.மு. என்பது அவர் புகுந்த வீட்டின் பெயர்.

இதை எழுதும் நானும் விலக்கல்ல. என் முதல் கவிதை நூலுக்குக் கடலூரில் வளையலை அடகுவைத்து அச்சுக்கூலி கட்டினேன். நூல் வந்தபோது ‘வெளியீடு’, ‘உரிமை’ இரண்டும் பதிப்பகத்தின் பெயரில் இருந்தன. என் அப்பாவின் முன்னெழுத்து போய்க் கணவருடையது ஏறியிருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. அச்சான வாசனையில் மயங்கி நானும் கேட்கவில்லை. 1811இல் ஜேன் ஆஸ்டினின் முதல் நாவல் ‘ஆசிரியருக்காக அச்சிடப்பட்டது’ என்று வந்தது. செலவின் பொறுப்பு அவருடையது என்பதை முகப்பு ஒப்புக்கொண்டது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ‘ஒரு சீமாட்டி’ என்றிருந்தது. எனக்குப் பெயர் கிடைத்தது, அந்த ‘க்காக’ கிடைக்கவில்லை. எது பெரிய இழப்பு என்று மாணவிகள் கேட்கிறார்கள். இரண்டையும் ஒருத்திக்கே தராத வழக்கத்தைத்தான் நான் குறை சொல்வேன்.

முதல் நூலை அச்சுக்குக் கொடுக்கப்போகும் தோழிகளுக்கு ஒன்று சொல்வேன். கவிதைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பதுபோலப் பதிப்பு விவரப் பக்கத்துக்கும் பாருங்கள். அங்கே உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள், அதன் உருபு வரைக்கும்.